ரேடியோவுக்கு ஒரு சால்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு எங்கேயாவது கையெழுத்துப் போட்டதோடு சரி. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன், மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சால் இருக்கிறது. சால் என்றால் இடுப்பு உயரத்துக்கு வயிறு பெருத்த பெரிய மண்பானை. அதன் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. வருகிறவர்கள் எல்லாம், "தண்ணி நிக்காத சாலை எதுக்கு எடத்த அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். அதில் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அது ரேடியோவுக்கு வைத்த சால்.

அன்னவாசல் பக்கம் ஒரு ஊரில், மண்பாண்டம் வனைகிற வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டேன். மாமியார் இல்லாத வீடு. மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர்தான். மாமனார் பானையும் செய்வார், ஐயனார் கோயிலுக்கு ஆள் உயரக் குதிரையும் செய்வார். என் வீட்டுக்காரருக்கு மண்ணில் மனசு போகவில்லை. தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தார். அப்பாவும் மகனும் முகம் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. மாமனார் சுவரைப் பார்த்து, "மண்ணைத் தொட்ட கை கம்பியத் தொடுதாக்கும்" என்பார். மகன் அதே சுவரைப் பார்த்து, "கம்பியும் மண்ணுக்குள்ளருந்துதான் வருது" என்பார். நடுவில் நான் சோற்றுத் தட்டோடு நிற்பேன். எனக்கு வாய் திறக்க வராது. மாமனார் இருக்கிற இடத்தில் கதவு நிலைக்குப் பின்னால்தான் என் இடம்.

சூளை பிரித்த அன்றைக்கு ஒவ்வொரு பானையாகத் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல பானை. தொப் என்றால் கீறலோ வேக்காட்டுக் குறையோ இருக்கும், அதைத் தள்ளிவிடுவார்கள். மாமனார் தட்டிக் கொடுத்த பானையைச் சந்தையில் யாரும் மறுபடி தட்டிப் பார்க்க மாட்டார்கள், அப்படி ஒரு பேர் அவருக்கு. எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ஒரு பானையைக் காதோரம் வைத்துத் தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாம் தடவை தட்டிவிட்டு, அதுவரை என்னை ஏறிட்டே பார்க்காத மனுசர், கதவுப் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பானை நல்ல பானைதான். நான் தலையை ஆட்டினேன். அவர் அதை நல்ல வரிசையில் வைத்தார். அதன் பிறகு சூளையிலிருந்து எடுத்து வரும்போதே நான் தட்டிப் பார்த்து, நல்லதை வாய் மேலாகவும், ஆகாததைக் கவிழ்த்தும் வைத்துவிடுவேன். வாங்குகிறவர் முன்னால் அவர் பழையபடி காதோரம் வைத்துத் தட்டுவார். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த மறுவருசம், கடையில் உடைத்துப் போட்ட சாமான்களையெல்லாம் சேர்த்து என் வீட்டுக்காரர் ஒரு ரேடியோ செய்து கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்தது. மாமனாரை நேர் எதிரே உட்கார வைத்துப் பாட்டு வைத்தார். மாமனார் முகத்தில் ஈ ஏறின அசைவுகூட இல்லை. கொஞ்ச நேரம் இருந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், எழுந்து போய்விட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் உட்காரவே இல்லை. என் வீட்டுக்காரர் உடைந்துபோனார். "நல்லாருக்குன்னு சொல்ல வேணாம். நல்லால்லன்னாவது சொல்லலாம்ல? தை பொறக்கட்டும், புதுக்கோட்டையில ஒரு வீடு பாத்துர்றேன். நாம அங்கிட்டே போயிருவோம்."

நான் போய்விட்டால் பானையை யார் தட்டுவது? கீறல் பானை நாலு சந்தைக்குப் போனால் போதும், மாமனார் பேர் போய்விடும். அவருக்குக் காது கேட்கவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொந்த மகனிடமே மறைத்ததை என்னிடம் ஒரு பார்வையில் ஒப்படைத்தவர் அவர். நான் எப்படிச் சொல்வேன்? ரெண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது, "என்னங்க, ஒங்க ரேடியோ எனக்குச் சரியா கேக்கல" என்றேன்.

"ஒனக்கா?"

"ஆமாங்க. கொஞ்ச நாளாவே காது மந்தமா இருக்கு. இன்னும் நல்ல சத்தமா ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு அப்புறம் வீடு பாருங்க."

சோற்றில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "ஏன் புள்ள, முன்னாடியே சொல்லப்படாதா" என்றார். அந்தப் பிரியத்தைப் பார்த்து எனக்கு மனசு உறுத்தியது. ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பால் பொங்கும் சத்தம் கேட்டாலும் ஓடக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா என்னைச் செவிடி என்றே கூப்பிட ஆரம்பித்தாள். நிஜமா என்று சோதிக்க, என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏன்டி, ஒம் புருசன் ஒனக்கு அட்டிகை வாங்கியாந்து எங்க வீட்டுல ஒளிச்சு வச்சிருக்காருடி" என்பாள். சிரிப்பை அடக்கி அடக்கி என் கன்னமெல்லாம் வலிக்கும். நான் திரும்பவே மாட்டேன்.

புது ஸ்பீக்கர் வாங்க அவர் சம்பளம் காணாது. எங்கேயோ பெரிய வீட்டிலிருந்து கழித்துப் போட்ட ஒன்று கடையில் கிடந்தது. காந்தம் நன்றாக இருந்தது, காகிதக் கூம்புதான் கிழிந்திருந்தது. சோற்றுக் கஞ்சியை வடித்து, பட்டம் விடுகிற காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி நாங்கள் ரெண்டு பேரும் ஒட்டினோம். கையில் பிடித்துப் பாட விட்டால் அது கொசு மாதிரிக் கத்தியது. "முன்பக்கம் போற சத்தத்த பின்பக்கம் வர்ற சத்தம் தின்னுருது. பின்பக்கத்த ஒரு பெட்டிக்குள்ள அடைக்கணும்" என்றார். பலகைப் பெட்டிக்கு எங்கே போவது? சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம வீடு பூராவும் பெட்டிதான புள்ள!"

இருப்பதிலேயே நல்ல பானையாக எடுத்தோம். விரல் பட்டாலே கோயில் மணி மாதிரிப் பேசுகிற பானை. வாயில் ஸ்பீக்கரை வைத்துக் கட்டி, அடியில் துளை போட்டுக் கம்பியை இழுத்தார். பானை செய்கிற வீட்டில் வேறு எந்தப் பானையை எடுப்பார்கள், சொல்லுங்கள்? சத்தம் வந்தது, தெருமுனை வரைக்கும் வந்தது. ஆனால் ஆம்பளை பாடினாலும் பொம்பளை பாடினாலும், பேசினாலும், எல்லாம் ஙொய்ங் என்று ஒரே ரீங்காரம். மாமனார் அந்தப் பக்கம் போகும்போது காதைக் குடைந்துகொண்டு, "வண்டு பூந்துருச்சா?" என்று சுவரைக் கேட்டார். அக்காவோ மதில்மேல் எட்டிப் பார்த்து, "பானையில சோறு வெந்து பாத்துருக்கேன், பாட்டு வேகுறத இன்னைக்குத்தான்டி பாக்குறேன்" என்றாள். என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடுங்கப் போனார். அதற்குள் பானை உருண்டுவிடாமல் இருக்க நான் கட்டிப் பிடித்தேன். பிடித்ததும் ரீங்காரம் அடங்கி, பாட்டின் வார்த்தை தெரிந்தது. கையை எடுத்தேன், மறுபடி ஙொய்ங். வைத்தேன், வார்த்தை வந்தது.

"இதுல பானையும் சேந்து பாடுதுங்க. நமக்குப் பாடாத பானை வேணும்" என்றேன். ஆயிரம் பானை தட்டின விரல் அல்லவா, எனக்கு அது தெரிந்துவிட்டது. கவிழ்த்து வைத்த வரிசைக்கு ஓடினேன். குதிரை வயிற்றுக்கு என்று உமி போட்டு மிதித்த மண் மிச்சமாகி, மாமனார் அதில் தடிமனாக ஒரு சால் வனைந்திருந்தார். தட்டினால் தலையணையில் தட்டின மாதிரி தொப் என்றது. நான்தான் அதை ஆகாது என்று கவிழ்த்து வைத்தேன். அதை ரெண்டு பேருமாக உருட்டி வந்தோம். என் வீட்டுக்காரர் அடியில் துளை போட்டுக் கம்பியை இழுத்து, உள்ளே பழைய தலையணைப் பஞ்சைத் திணித்தார். பழப்பெட்டிப் பலகையை வட்டமாக அறுத்து, நடுவில் ஸ்பீக்கரைப் பொருத்தி வாயை மூடினார். காற்றுப் போகிற சந்துக்கெல்லாம் நான் களிமண் அப்பினேன்.

சாயங்காலம் நாதஸ்வரம் வைக்கிற நேரம். மாமனார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலில் மண் மிதித்துக்கொண்டிருந்தார். ரேடியோவைத் திருகியதும் தவில் விழுந்தது பாருங்கள், சூளை வாயில் விறகு வெடித்த மாதிரி! அவர் மிதித்த கால் அப்படியே நின்றது. திரும்பினார். நேராக நடந்து வந்து, மண் ஈரத்தோடு உள்ளங்கையைச் சாலின் வயிற்றில் வைத்தார். நாதஸ்வரம் முடிகிறவரைக்கும் எடுக்கவில்லை. அதன் பிறகு யாரோ செய்தி பேசினார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சுவரைப் பார்க்காமல் மகன் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு மழை இருக்காம்டா. பச்சைப் பானையெல்லாம் உள்ள எடுத்து வைக்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் ரேடியோவுக்கு மேலாகச் சத்தம் போட்டு, என்னைக் கை காட்டினார். "இவளுக்காகத்தான் ஐயா செஞ்சேன். இவளுக்குக் காது மந்தம்" என்றார்.

"யாருக்கு, இவளுக்கா?" மாமனார் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "சூளைக்குள்ள பானை கீறுறது வாசல்ல நிக்கிற இவளுக்குக் கேக்கும்டா. மந்தம் எனக்கு. ரெண்டு வருசமா எனக்குக் காதே இந்த ஆத்தாதான்."

தெரு முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் அவர் அதைச் சொல்லிவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "அடிப்பாவி, அப்ப நான் பேசினதெல்லாம் கேட்டுச்சா ஒனக்கு?" என்று கத்தினாள்.

நான் கதவு நிலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். எனக்கே தெரியாமல் என் குரல் உரக்க வந்தது. "கேட்டுச்சுக்கா. அந்த அட்டிகைய எடுத்தாங்க."

தை வந்தது, நாங்கள் எங்கேயும் போகவில்லை. அதன் பிறகு மாமனார் ரேடியோவுக்கென்றே உமி மண்ணில் சால் வனைந்தார். கீரனூர், திருவரங்குளம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, "பாடாத சால் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். மகன் ஸ்பீக்கரைப் பொருத்துவார். வந்தவர்கள் பார்க்க, அவர்கள் நடுவில் நின்று பானையைத் தட்டியது நான்தான்.

இப்போது மாமனாரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அன்றைக்குச் சொன்ன பொய் இன்றைக்கு எனக்கு மெய்யாகிவிட்டது, ரெண்டு காதும் மந்தம். போன மாதம் மகள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள், கம்பியே கிடையாது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டுக்குத் தூக்கிப் போய், ஒரு அட்டையில் வட்டம் வெட்டி அதில் பொருத்தி, சாலின் வாயை மூடச் சொன்னேன். தவில் விழுந்தது. மாமனார் கை வைத்த இடத்தில் நானும் கை வைத்தேன். மகள் எதிரே நின்று ஏதோ கத்தினாள். "சத்தம் போடாத ஆத்தா, எனக்குக் கேக்குது" என்றேன்.

அன்றைக்கு நாங்கள் காகிதம் ஒட்டின ஸ்பீக்கர் எட்டு அங்குலமா பத்து அங்குலமா, கரண்டு வந்தது எந்த வருசம் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அளக்க வேண்டுமென்றால் சால் பின்கட்டில்தான் இருக்கிறது. வந்தால் தட்டியும் பாருங்கள், தொப் என்றுதான் சொல்லும்.