துவக்குக்குக் கண்ணாடி விற்ற காலம்

கடையிலை நிண்டு சாமான் விக்கிறவைக்கு முதல்லை தேயிறது செருப்பு, அடுத்ததாத் தேயிறது பொறுமை. கவுண்டருக்குப் பின்னாலை ஒரு கிழமை நிண்டு பாத்த ஆக்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்கள் சேலை வித்திருப்பியள், டோனட் வித்திருப்பியள், ரெலிபோன் காட் வித்திருப்பியள். நான் வித்தது வேட்டைத் துவக்குக்கு மேலை பூட்டுற கண்ணாடி. ஸ்கோப் எண்டு சொல்லுவினம். கண்ணை வைச்சுப் பாத்தால் தூரத்து மான் கிட்ட வந்து நிக்கும், நடுவிலை ஒரு சிலுவைக் கோடு தெரியும்.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. நாங்கள் அப்ப கனடாவிலை, பார்க்டேலிலை ஒரு அப்பார்ட்மென்ரிலை இருந்தனாங்கள். கடை மற்றக் கரையிலை, ஸ்காபரோவிலை வோபர்ன் பக்கம். ஸ்ரீட்கார், சப்வே, பஸ் எண்டு மூண்டும் மாறிப் போக வேணும். என்ன வேலை எண்டு சொந்தக்காரர் கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை எண்டு சொல்லுறனான். பொய்யில்லை, போர்ட்டிலை அப்பிடித்தான் எழுதிக் கிடந்தது.

தலையாட்டுற மனுசி

ஊரிலை நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலை பௌதிக ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பா இருந்தனான். வேலை கேட்டுப் போன அண்டைக்குக் கடை முதலாளி வால்ட்டர் ஒரு ஸ்கோப்பை மணல் மூட்டைக்கு மேலை வைச்சு, பாத்துச் சொல்லும் எண்டார். நான் குனிஞ்சு, றோட்டுக்கு அங்காலை நிண்ட லைற் கம்பத்திலை சிலுவைக் கோட்டை வைச்சுப் போட்டுத் தலையை மெல்ல இடமும் வலமுமா ஆட்டினன். பௌதிகம் படிச்சவைக்கு இடமாறு தோற்ற வழு ஞாபகம் இருக்கும். தலை அசையேக்கை கோடும் கம்பத்தை விட்டு அசைஞ்சால் அந்தக் கண்ணாடியாலை வைக்கிற குறி பிழைக்கும்.

வால்ட்டருக்கு இது விளங்கேல்லை. நான் வேண்டாம் எண்டு தலையாட்டுறன் எண்டு நினைச்சு அடுத்ததை எடுத்து வைச்சார். அதுக்கும் ஆட்டினன். கடைசியாக் கடையிலேயே விலை கூடின ஜேர்மன் கண்ணாடியைக் கொண்டு வந்து வைச்சார், அதுக்கும் நான் விடாமல் ஆட்டினன். மனுசனுக்கு முகம் சிவந்து போச்சு. மீன்பிடிச் சாமான் பக்கம் நிண்ட நசீர் நானா, அவர் புத்தளத்து ஆள், வந்து என்னட்டைத் தமிழிலை கேட்டு அவருக்கு இங்கிலீசிலை விளங்கப்படுத்தினார். வால்ட்டர் தானும் குனிஞ்சு தலையை ஆட்டிப் பாத்தார். பிறகு நிமிந்து சொன்னார்: "வேலை உமக்குத்தான். ஆனால் வாங்க வாற ஆக்களுக்கு முன்னாலை உப்பிடி ஆட்டாதையும்."

அரைவிலைக் கண்ணாடி

எங்கடை வாடிக்கைக்காரர் காசுக்காரர் இல்லை. கூரை போடுறவை, பெயின்ற் அடிக்கிறவை, லொறி ஓடுறவை. இலையுதிர் காலத்திலை ஒரு மூஸ் விழுத்தினால், மாடளவு மான் அது, வீட்டிலை குளிர்காலம் முழுக்க இறைச்சி. ஜேர்மன் கண்ணாடியைக் கையாலை தடவிப் பாத்துட்டு வைச்சிட்டுப் போவினம். அந்த நேரம் பாத்து அடுத்த சந்தியிலை ஒரு பெரிய கொம்பனிக்கடை திறந்தினம். எங்கடை கடைக்குள்ளை இலையான் பறக்கத் தொடங்கினது.

அப்பதான் ஒரு ஏஜென்ற் ரெண்டு ஸ்கோப் கொண்டு வந்து தந்தான். உருவத்தை மூண்டு மடங்கிலையிருந்து ஒன்பது மடங்கு வரை வளையத்தைத் திருகித் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். விலை மற்றதுகளின்ரை அரைவாசி. மொத்தமா எடுத்தால் எங்களுக்கு மட்டும்தான் தருவன் எண்டான். வால்ட்டருக்குக் கண்ணிலை வெள்ளை படர்ந்து கொண்டிருந்தது, தன்ரை கண்ணை அவருக்கே நம்பேலாது. ரெண்டையும் என்ரை கையிலை தந்து, நீர் ஓம் எண்டால் எடுக்கிறன், இல்லையெண்டால் விடுறன் எண்டிட்டார். நசீர் நானாவின்ரை மனுசியும் பிள்ளையளும் அப்ப புத்தளத்திலை. அவையைக் கூப்பிடுறதுக்கு அவருக்கு அந்த வேலை நிலைக்க வேணும். தேத்தண்ணி ஊத்தித் தந்துகொண்டு சொன்னார்: "தங்கச்சி, நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், நாங்க எல்லாம் பிழைச்சுப் போவம்."

நெத்தலி விலை

கண்ணாடி தெளிவோ எண்டு பாக்கிறதுக்கு வால்ட்டரிட்டை ஒரு அட்டை இருந்தது, பெரிய பெரிய இங்கிலீசு எழுத்து. அதை எந்தக் கண்ணாடியாலையும் வாசிக்கலாம், அதிலை என்ன சோதனை. நான் தமிழ்க்கடை ஒண்டின்ரை மலிவு விலைத் துண்டைக் கொண்டு போய்ப் பின் ஒழுங்கைக் கடைசியிலை மதிலிலை ஒட்டினன். மஞ்சள் தாளிலை சிவப்பு எழுத்து. நெத்தலி, பாரை, விளைமீன், கணவாய். ஒன்பது மடங்கிலை வைச்சு நெத்தலியின்ரை விலை தெரிஞ்சால் சுமாரான கண்ணாடி. கணவாயிலை 'ய்' க்கு மேலை கிடக்கிற குத்துத் தெரிஞ்சால் நல்ல கண்ணாடி. பொழுதுபட்ட மைம்மலுக்கையும் தெரிஞ்சால் ஆக நல்லம், ஏனெண்டால் மூஸ் வெளியிலை வாறது அந்த நேரம்தான்.

மைம்மலுக்கை ரெண்டும் குத்தைக் காட்டிச்சுது. எனக்குப் பிடிபடாத சந்தோசம். அந்த அரைவிலைக் கண்ணாடியிலை எனக்கு ஒரு ஆசையே வந்திட்டுது எண்டு சொல்லலாம். கூரை போடுற ரொய் எண்ட மனுசன், எங்கடை பழைய வாடிக்கை, கிழமைக்கு ஒருக்கா வந்து உது பாஸோ பெயிலோ எண்டு கேட்டுக் கொண்டு திரிவார். அவரையும் குனிஞ்சு பாக்கச் சொன்னன். நிறைய நேரம் பாத்தார். "ஒரு எழுத்தும் விளங்கேல்லை, ஆனால் ஒரு புள்ளி விடாமல் தெரியுது. அதிலை மீன் மலிவோ?"

பிறீசர்

குளிருக்குள்ளை கிடந்திட்டுச் சூட்டுக்கு வரேக்கை கண்ணாடிக்கு வெளியிலை நீராவிப் புகார் படியிறது வழமை, துடைச்சால் போயிடும். உள்ளுக்குப் படிஞ்சால் ஒண்டும் செய்யேலாது, வேட்டை துலைஞ்சுது. அதைச் சோதிக்க வால்ட்டரிட்டைச் சொல்லிப்போட்டு ரெண்டையும் வீட்டை கொண்டு வந்து பிறீசருக்குள்ளை, மீன் பைக்கும் முருங்கைக்காய்ப் பைக்கும் நடுவிலை படுக்க வைச்சன். காலமை எடுத்துச் சோத்துப் பானை ஆவியிலை பிடிக்கிறது எண்டு திட்டம்.

நான் எழும்ப முதல் கீழ் வீட்டு இராசம் அன்ரி, எங்கடை பிறீசரிலை தன்ரை மீனும் வைக்கிறவ, வந்து திறந்திட்டா. கறுப்புக் குழாய் ரெண்டையும் மேசையிலை எடுத்து வைச்சுக் கொண்டு நிண்டா. துவக்குச் சாமான் எண்டு சொன்னால் பின்னேரத்துக்கிடையிலை முழு பார்க்டேலுக்கும் தெரிஞ்சிடும். கடைச் சாமான் அன்ரி, குளிர் தாங்குதோ எண்டு பாக்கிறன் எண்டு சொல்லிச் சமாளிச்சுப்போட்டுப் பானை மூடியைத் திறந்து ஆவியிலை பிடிச்சன். துடைச்சன். ரெண்டும் உள்ளுக்குப் பளிச்செண்டு கிடந்தது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு, நசீர் நானாவுக்கு உடனை போன் எடுக்க வேணும் போலை கிடந்தது. அன்ரி என்ரை முகத்தைப் பாத்திட்டுக் கேட்டா: "பிள்ளை, இனி உதை வெட்டிறதோ, முழுசாப் போடுறதோ?"

றேஞ்ச்

கடைசிச் சோதனை வெடி வைச்சுப் பாக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்ட்டரும் ரொய்யும் நானும் ஸ்ரௌவ்விலுக்கு அங்காலை ஒரு சுடுதிடலுக்குப் போனம். இப்ப அந்தப் பக்கம் எங்கடை ஆக்கள் வாங்கின வீடுகள், அப்ப ரெண்டு கரையும் சோளம். ரொய் சுடுறது, நான் பின்னாலை இருந்து தொலைநோக்கியாலை எங்கை பட்டது எண்டு சொல்லுறது. வெடிச்சத்தம் கேக்கக் கூடாது எண்டுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தனான். காதை எவ்வளவு இறுக்கிப் பொத்தினாலும் முதல் வெடியோடை அழுகை வந்திட்டுது. வீட்டை போவமோ எண்டு வால்ட்டர் கேட்டார். வேண்டாம், முடிச்சிட்டுப் போவம் எண்டன்.

முதல் கண்ணாடி தங்கம். ஒன்பதிலை சுட்டாலும் மூண்டிலை சுட்டாலும் ஓட்டையெல்லாம் ஒரு தேசிக்காய் அளவுக்குள்ளை அடங்கிச்சுது. ரெண்டாவதும் ஒன்பதிலை அப்பிடித்தான். வளையத்தை மூண்டுக்குத் திருகினவுடனை குண்டு ஒரு சாண் கீழையும் இடப்பக்கமுமாப் போச்சுது. ரொய் தன்ரை பிழை எண்டு திரும்பவும் சுட்டார். திரும்பவும் அங்கைதான். திருகேக்கை உள்ளுக்கை கோடு இடம் மாறுது. ஒரே பெட்டி, ஒரே பேர், பாத்தால் ரெட்டைப் பிள்ளையள் மாதிரி, எது நல்லது எது கூடாதது எண்டு வெளியிலை ஒரு அடையாளமும் இல்லை.

ஒரு சாண் தானே எண்டு நான் மெல்லக் கேட்டன். எனக்கு ஓம் எண்டு சொல்ல வேணும், அதுக்கு ஆராவது ஒரு காரணம் தந்தால் போதும் எண்டு இருந்தது. ரொய் துவக்கைக் கீழை வைச்சார். போன வருசம் தன்ரை பழைய கண்ணாடி அப்பிடித்தான் ஒரு சாண் பிழைச்சது, மூஸுக்கு வயித்திலை பட்டது, ரத்தம் பாத்துப் பாத்துப் பொழுது படுமட்டும் சதுப்புக்குள்ளை நடந்தும் பிடிக்கேலாமல் போச்சு எண்டார். "அது எங்கையோ கிடந்து கிடந்துதான் செத்திருக்கும். அதை நினைச்சால் எனக்கு இப்பவும் சாப்பாடு இறங்காது."

முறைப்பாடு

ஏஜென்ற் வந்தான். நான் ஒவ்வொண்டாச் சோதிக்கிறன், கூடாததுகளைத் திருப்பி எடுப்பியளோ எண்டு கேட்டன். அந்த விலைக்கு அப்பிடிச் செய்யேலாது, எடுத்தால் எடுத்ததுதான் எண்டான். சிலது அப்பிடி இப்பிடித்தான் இருக்கும், வாடிக்கைக்காரர் முறைப்பாடு சொன்னால் பாத்துச் சமாளியுங்கோ எண்டான். எனக்கு விசர் வந்தது. மனுசர் வந்து முறைப்பாடு சொல்லுவினம், வயித்திலை பட்ட மூஸ் ஆரிட்டைப் போய்ச் சொல்லும் எண்டு கேட்டன். அவன் சிரிச்சான். வால்ட்டர் சிரிக்கேல்லை, என்னைத்தான் பாத்துக் கொண்டு நிண்டார். நசீர் நானா அங்காலை தூண்டில் பெட்டியை அடுக்கிற மாதிரி நிண்டார், கை அடுக்கேல்லை.

வேண்டாம் எண்டு சொன்னன். வால்ட்டர் ஏன் எண்டு கூடக் கேக்கேல்லை, ரெண்டு கண்ணாடியையும் பெட்டிக்குள்ளை வைச்சுத் திருப்பிக் குடுத்திட்டார். நசீர் நானா அந்தக் கிழமை என்னோடை கதைக்கேல்லை, தேத்தண்ணி மட்டும் வழமை போலை வந்து கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுதிட்டு வந்து என்ரை கவுண்டருக்கு முன்னாலை நிண்டார். "உங்களோட எனக்குக் கோவமில்ல தங்கச்சி, உங்கட கண்ணோடதான் கோவம்."

வாங்கிறது அங்கை

அந்த ஸ்கோப்பை ஆர் எடுத்தது எண்டு நினைக்கிறியள்? சந்தியிலை இருந்த பெரிய கடைதான். விக்கிறது கூடாததாப் போனால் மாத்திக் குடுக்க அவையாலை ஏலும், எங்களாலை ஏலாது. சனம் அள்ளிக்கொண்டு போச்சுது. அடுத்த இலையுதிர் காலம் எங்கடை கதவைத் திறந்து முதல் ஆளா ரொய் வாறார், கையிலை அந்தக் கடைப் பை. தன்ரை நல்லதோ கூடாததோ எண்டு நான் பாத்துச் சொல்ல வேணுமாம்.

மற்றக் கடையிலை வாங்கினதை இஞ்சை கொண்டு வந்தால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்? எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சதுப்பு நினைவு வந்திட்டுது. இடுக்கியிலை இறுக்கி, லைற் கம்பத்திலை கோட்டை வைச்சு, வளையத்தை மூண்டுக்கும் ஒன்பதுக்கும் திருகினன். கோடு அசையேல்லை. மனுசன் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவரின்ரை கூட்டாளிமார், அவையின்ரை கூட்டாளிமார் எண்டு சனிக்கிழமையளிலை வரிசை. கூடாததுகளை அங்கை கொண்டு போய் மாத்தி எடுத்துக் கொண்டு, மாத்தினதையும் என்னட்டைத்தான் திருப்பிக் கொண்டு வருவினம். வால்ட்டர் வரிசையிலை நிண்டவைக்குக் கோப்பி ஊத்திக் குடுத்தார். ரொய்க்குத்தான் மனசு கேக்கேல்லை. "உங்களிட்டை வாங்கேல்லை எண்டு வெக்கமாத்தான் கிடக்கு, ஆனால் நீங்கள் பாக்காமல் நான் காட்டுக்குப் போகமாட்டன்."

கடைசிச் சனி

அதுக்குப் பிறகு கடை கன காலம் நிக்கேல்லை. நசீர் நானா ஒரு பேக்கரிக்குப் போனார். திரும்ப ஒரு நிலையான வேலை எண்டு காட்டிறதுக்குக் காலம் எடுத்ததாலை அவரின்ரை குடும்பம் வந்து சேரப் பிந்திப் போச்சு. அதை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரித்தான் கிடக்கு, அவர் ஒருக்காலும் அதைச் சொல்லிக் காட்டினதில்லை எண்டாலும்.

கடைசிச் சனிக்கிழமை பலகைத் தட்டெல்லாம் வெறுமை. ஜேர்மன் கண்ணாடி ஒண்டு மட்டும் விலைப்படாமல் கிடந்தது. நான் வால்ட்டரிட்டைப் போய், அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தால் கடை நிண்டிருக்கும் என்ன எண்டு கேட்டன். நிண்டிருக்கும் எண்டார், அவர் பொய் சொல்லுற ஆளில்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. அவர் கதவைப் பூட்டத் திறப்பை எடுத்துக் கொண்டு, வெறுமையாக் கிடந்த என்ரை கவுண்டரை ஒருக்காப் பாத்தார். "ஆனால் மலர், உந்தக் கவுண்டரிலை வாங்கின ஒரு கண்ணாடியைக் கூட ஒரு மனுசனும் திருப்பிக் கொண்டு வரேல்லை."

கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ எண்டு பிறகு வேலை தேடிப் போன இடமெல்லாம் கேட்டவை, ஒரு கடையை நல்ல பேரோடை இழுத்து மூடின அனுபவம் இருக்கெண்டு நானும் சொல்லிப் பாத்தன், ஆருமே வேலை தரேல்லை.