பதினோராவது வாரத்துப் புதன்கிழமை

சில வருடங்களுக்கு முன், சேலத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. உளவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சொந்த ஊர் வாழப்பாடி, தங்கியிருந்தது ஹாஸ்டலில். இப்போது ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் அக்காவை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக ஊர், கிழமை, பயிர் என்று சிலவற்றை மாற்றியிருக்கிறேன். என் தப்பை மட்டும் மாற்றவில்லை.

கடைசி வருடத்தில் எல்லோரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் போர்வெல் லாரியோடு வடமாநிலங்களுக்குப் போகிற ஆண்கள் அதிகம். போனால் எட்டு மாதம், பத்து மாதம். வீட்டில் இருக்கிற மனைவிகளின் தனிமையைப் பற்றி ஆய்வு செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. வாரம் ஒரு தடவை யாராவது ஃபோன் செய்து பத்து நிமிடம் பேசினால் அந்தத் தனிமை குறையுமா? இதுதான் கேள்வி.

எருமப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் மகளிர் குழுக் கூட்டம் நடக்கும்போது, என் வழிகாட்டியான மேடமும் நானும் போய் விஷயத்தை விளக்கினோம். இருபத்து நாலு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரிக்கு வந்து சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தோம். பன்னிரண்டு பேருக்குப் பத்து வாரம் ஃபோன் வரும். மற்றவர்களிடம் ஆரம்பத்திலும் முடிவிலும் கேள்விகள் மட்டும். இரண்டு குழுவின் மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஃபோனால் பலன் உண்டா என்று தெரிந்துவிடும். யாருடைய பெயரும் காகிதத்தில் வராது. எல்லோரும் வெறும் எண்கள். நான் சொன்ன அந்த அக்கா, ஏழு.

மேடம் கண்டிப்பானவர். "உன் சொந்தக் கதை பேசாத. அட்வைஸ் பண்ணாத. முக்கியமா, எட்டாவது வாரமே இன்னும் ரெண்டு ஃபோன்தான் இருக்குன்னு சொல்லிடணும். திடீர்னு நிறுத்தினா அது அவங்களுக்குச் செய்யுற துரோகம்" என்றார். கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த திட்டத்திலும் அந்த வரி இருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன்.

முதல் வாரம் ஏழாம் எண் பட்டும் படாமலும் பேசினார். "நல்லா இருக்கறனுங்க", "ஆமாங்க", "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க". கூட்டத்தில் பார்த்த இருபத்து நாலு முகங்களில் இவர் யார் என்றுகூட எனக்கு நினைவில்லை. மூன்றாவது வாரம் நான் ஃபோன் செய்ததும், "சாப்புட்டியா சாமி?" என்றார்.

அந்த வருடம் என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை. காலையில் கல்லூரி, மாலையில் ஹாஸ்டல் மெஸ், இரவு ஆளாளுக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். "சாப்பிட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு, 'அக்கா' என்று அழைத்தது விதியில் அடங்குமா என்று யோசித்தேன். அடங்காது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் எனக்கு அக்காதான்.

அக்காவின் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் துளை போடுகிற டிரில்லர். வடக்கே எங்கோ காட்டுப் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்தார். டவர் கிடைக்கிற இடத்துக்கு லாரி வந்தால்தான் பேசுவார். அதுவும் எப்போது என்று தெரியாது. வீட்டுக்குள் அக்காவுக்கும் டவர் சரியாகக் கிடைக்காது. அதனால் நான் அழைக்கிற நேரமான புதன்கிழமை பத்தரை மணிக்குத் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் வந்து, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். மகள் பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தது, கோழி அடைக்கு உட்கார்ந்தது, வீட்டுக்காரர் அனுப்பிய போட்டோவில் இளைத்துப் போயிருந்தது என்று எல்லாம் சொல்வார். ஒரு வாரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை நடுவில் விட்டுவிட்டு, "பொழுதோட வெளக்கு வெக்கறப்பத்தான் சாமி என்னமோ மாதிரி இருக்குது" என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது, நல்ல வரி கிடைத்தது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எட்டாவது வாரம் வந்தது. மற்ற பதினொரு பேரிடமும் இன்னும் இரண்டு அழைப்புகள்தான் என்று சொல்லிவிட்டேன். "அப்படீங்களா, செரிங்க" என்று சாதாரணமாக எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். அக்காவிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"புதங்கெழமையானா பத்தரைக்கு எந்தச் சோலியும் வெச்சுக்கறதில்ல சாமி. களையெடுக்கக் கூப்புட்டாக்கூட, மத்தியானத்துக்கு மேல வாரேன்னு சொல்லிப்போடறேன்."

நான் சொல்லவில்லை. பாவம், இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாரே என்று நினைத்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி இது: பத்தாவது வாரம், ஆரம்பத்தில் கேட்ட அதே கேள்விகளை மறுபடியும் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். பன்னிரண்டு பேரில் அக்காவிடம்தான் மாற்றம் கண்கூடாகத் தெரிந்தது. இப்போது சொல்லி, அவர் மனம் வாடி, தனிமை மதிப்பெண் ஏறிவிட்டால்? என் ஆய்வு என்னாவது?

ஒன்பதாவது வாரமும் சொல்லவில்லை. பத்தாவது வாரம் கேள்விகளைக் கேட்டேன். பேச ஆளில்லை என்று தோன்றுகிறதா, கூட்டத்தில் இருந்தாலும் தனியாக இருப்பதாகப் படுகிறதா என்று ஒவ்வொன்றாக. "இல்ல சாமி", "அப்படியெல்லாம் இல்ல சாமி" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தனிமை மதிப்பெண் இரண்டு குழுவிலும் அவருக்குத்தான் குறைவு. கடைசியில் அவரே சொன்னார்.

"வர்ற புதங்கெழமை வெங்காயம் புடுங்கறோம் சாமி. பத்தரைக்கு ஆகாது. பன்னெண்டு மணிக்குக் கூப்புடு."

"சரிங்க்கா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

பதினோராவது வாரத்துப் புதன்கிழமை. ஆய்வுக்கென்று வாங்கிய ஃபோன் துறை அறையில் என் மேஜை மேல் இருந்தது. நான் கணினியில் மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே காலுக்கு மணி அடித்தது. அக்காவின் எண். அதுவரை ஒருமுறைகூட அவர் என்னை அழைத்ததில்லை. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. ஆய்வு முடிந்த பிறகு பேசக் கூடாது என்பது விதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதியை அதுவரை மீறிக்கொண்டிருந்தவள் அந்த நேரத்தில் விதியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். மேடம் நிமிர்ந்து பார்த்து, யாரென்று கேட்டார். ராங் நம்பர் என்றேன்.

பன்னிரண்டாவது வாரமும் அடித்தது. பதின்மூன்றாவது வாரம் ஒரே ஒரு முறை அடித்து, இரண்டாவது மணியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதி மணியைத் தாங்க முடியவில்லை. மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த எட்டாவது வார வரியை எதுக்காக எழுதினோம்னு நினைச்ச? கமிட்டிக்காகவா?" என்றார். கையெழுத்துப் படிவத்தைத் தேடி எடுத்து, முகவரியைக் குறித்துக் கொடுத்தார். பிறகு, "நாளைக்கே நேர்ல போ. ஃபோன்ல சொல்லாத. உண்மையை மட்டும் சொல்லு, சமாதானம் சொல்லாத. ஆய்வுல இருந்து விலகிக்கிறேன்னு அவங்க சொன்னா, ஏன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாது" என்றார்.

மறுநாள் நாமக்கல் பஸ் பிடித்து, அங்கிருந்து எருமப்பட்டி போய், டவுன் பஸ் மாறி, அந்த ஊரில் இறங்கியபோது மதியம் ஒரு மணி இருக்கும். மேடம் கொடுத்த முகவரியில் ஓட்டு வீடு. வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்துப் போட்டு, ஓர் அம்மா அதன் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. "அக்கா" என்றேன். குரலைக் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"சேலத்துப் புள்ளயா? வா சாமி, வா. ஒடம்பு கிடம்பு செரியில்லாம போச்சோ என்னமோன்னு மூணு வாரமா ஒரே ரோசனை. ஆசுபத்திரில கீது இருக்கறயோன்னுட்டு... மொகத்தக் கூட்டத்துல ஒருக்கா பாத்ததோட செரி, யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

பேச்சுத் துணை தேடித்தான் அழைத்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றுதான் அழைத்திருக்கிறார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க முடியவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். பத்து வாரம்தான் என்பது படிவத்திலேயே இருந்ததை, நினைவுபடுத்த வேண்டிய நாளில் நான் மறைத்ததை, மதிப்பெண்ணுக்காகவும் மறைத்ததை, மணி அடித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததை.

அக்கா மறுபடியும் குவியல் முன் உட்கார்ந்தார். நாலைந்து வெங்காயத்தின் தாளை அறுத்துப் போட்டார்.

"பன்னெண்டு மணிக்குன்னு சொன்னம் பாருங்க, அன்னிக்கு" என்றார். "சித்த முன்னாடி எங்கூட்டுக்காரரு கூப்புட்டாருங்க. சூப்பருவைசரோட போனை வாங்கிப் பேசறன்னாரு. நாந்தேன், வெய்யுங்க, சேலத்துப் புள்ள பன்னெண்டுக்குக் கூப்புடும், பொறகு பேசலாம்னு கட் பண்ணிப்போட்டனுங்க. அதுக்கப்புறம் ஒம்போது நாளு அவுருகிட்டிருந்து போனே இல்லீங்க. காட்டுக்குள்ள டவரில்லியாமா. லாரி உருண்டிருச்சோ, கம்பிகிம்பி மேல உழுந்திருச்சோன்னு ஒம்போது நாளும் ஒறங்கலீங்க."

கடைசியில் வீட்டுக்காரர் நல்லபடியாகத்தான் இருந்தார். பத்தாம் நாள் பேசிவிட்டாராம். ஆனால் அந்த ஒன்பது நாட்களை நான் எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வந்தவுடன் "வா சாமி" என்றவர், இப்போது "பாருங்க" என்கிறார். கொங்கு மக்களின் 'ங்க' எவ்வளவு இதமானது என்று ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது ஒருவரை எட்டத்தில் நிறுத்தவும் செய்யும் என்பது அன்று அந்த வாசலில்தான் தெரிந்தது.

"அப்ப நீங்க பேசுனதெல்லாம் பரிச்சைக்குத்தானுங்களா?"

"இல்லீங்க்கா... பரீட்சைக்கும்தான். ஆனா அது மட்டும் இல்லீங்க்கா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். "நாஞ் சொன்னதையெல்லாம் அதுல இருந்து எடுத்துப்போடுங்க மேடம். என்ற நம்பரையும் அழிச்சுப்போடுங்க. இனிமேட்டுக் கூப்புட வேண்டாமுங்க" என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த ஆய்வு ஃபோனில் இருந்து, அவர் கண் முன்னாலேயே எண்ணை அழித்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன், இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொன்னேன். கிளம்பும்போது, "ரெண்டரைக்கு ஒரு பஸ்சு இருக்குதுங்க. அத உட்டா அஞ்சு மணிதானுங்க" என்றார். நான் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கத்தி வெங்காயத்தில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கல்லூரிக்கு வந்து அவர் குறிப்புகளையும் படிவத்தையும் கிழித்துப் போட்டோம். ஏழாம் எண் இல்லாமல் மறுபடியும் கணக்கிட்டபோது, இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதை அப்படியே எழுதினேன். ஒருவர் விலகியதையும், அதற்கு நான் எப்படிக் காரணமானேன் என்பதையும் ஒரு பத்தியில் எழுதினேன். அந்த ஒரு பத்திக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பத்தியில் நின்றார். புள்ளியியல் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று தயாரானேன்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியாதுங்க சார்" என்றேன். "தெரிஞ்சுக்க எனக்கு அனுமதி இல்லை."

அவர் தலையசைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு, எத்தனை முறை சந்திப்போம், எது கடைசிச் சந்திப்பு என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். நடுவிலும் சொல்கிறேன். சிலர் முகம் வாடத்தான் செய்கிறது. வாடட்டும் என்று விட்டுவிடுகிறேன், அப்போது நானும் அவர்கள் எதிரிலேயே இருக்கிறேன் அல்லவா?

அக்காவின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் எப்படியோ ஞாபகத்தில் தங்கிவிட்டன. அவர் மகள் இப்போது கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஊரோடு வந்துவிட்டாரா, இன்னும் லாரியில்தான் இருக்கிறாரா? அந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாமக்கல் வரை வேலையாகப் போகும் ஒவ்வொரு தடவையும் எருமப்பட்டி பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் சேலம் பஸ்ஸில் ஏறுகிறேன். நான் அந்த அக்காவுக்குக் கொடுத்த வாக்குகளில் காப்பாற்ற மிச்சமிருப்பது, போகாமல் இருப்பது ஒன்றுதான்.