நெய்மீனில் இல்லாத நெய்

ரோஸ்லின் அக்காவின் மகன் போனில் "அம்மா போயி" என்றபோது நான் பாறசாலை சந்தையில் மீன்காரியின் முன்னால், நாங்கள் சாளை என்கிற மத்தி மீனைப் பார்த்தபடி நின்றிருந்தேன். சுற்றிலும் இரைச்சல். "எங்க போச்சு மக்கா? வந்த உடனே என்னைய விளிக்கச் சொல்லு. சாளை நல்லதாட்டு கெடக்கு, வாங்கட்டான்னு கேக்கணும்" என்றேன்.  அவன், "மாமா, அம்மா மரிச்சு போச்சு. காலையில எழும்பல்ல" என்றான். தமிழும் மலையாளமும் தெரியும் என்று பெருமையடிப்பவன் நான். 'போயி' என்ற ஒரே சொல்லை இரண்டிலும் விளங்கிக்கொள்ளவில்லை.

நெய்யாற்றின்கரையில் மூட்டு டாக்டரின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். பூவார் கடற்கரைப் பக்கம் தையல் சொல்லிக்கொடுத்தவர். விரல்கள் கோணிய பிறகும் கத்திரியை விடாதவர். என் மகள் அஞ்சுவுக்கும் அதே மூட்டுவாதம்தான். தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை. காலையில் பேனாவைப் பிடிக்க விரல் மடங்காது.

அங்கே உணவு பற்றிச் சொல்லித்தரும் பெண் ஒருநாள், "நெய்யுள்ள மீன் கொடுங்க, வீக்கம் கொஞ்சம் குறையலாம்" என்றார். பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய என் காதில் அது நெய்மீன் என்றே விழுந்தது. மற்ற ஊர்களில் வஞ்சிரம் என்பார்களே, அதுதான். மனைவி முறைக்க முறைக்க அந்த விலை கூடிய மீனை வாங்கி, மொறுமொறுவென்று பொரித்தும் கொடுத்தேன். இதைப் பெஞ்சில் பெருமையாகச் சொன்னபோது, அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளே டோக்கன் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

"எலே தம்பி, நெய்மீனுக்கு பேருலதான் நெய்யு. சாளைக்கு ஒடம்பு பூராவும் உண்டு. கடப்புறத்துக்காரி பக்கத்துல இருக்கேன், ஒரு வார்த்த கேக்கப்பிடாதா? பொரிக்காத. கொடம்புளி போட்டு கறி வையி."

எந்த மீன் என்பது தெளிந்தது, என் பயம் தெளியவில்லை. தக்காளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, மரச்சீனிக் கிழங்கு ஆகவே ஆகாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தனையையும் நிறுத்தினேன். கடைசியில் பிள்ளைக்குச் சோறும் எதிரே என் முகமும்தான் மிச்சம். மெலிந்துபோனவளைப் பார்த்து அக்கா அன்று சிரிக்கவில்லை.

"நோவு அவளுக்கா, உனக்கா? ஒண்ணத் தின்னா வலி கூடுதான்னு அவ பாக்கட்டும். கூடினா விடட்டும். கூடல்லேன்னா நீ எதுக்கு அவ தட்டுல கைய வைக்க?"

பிறகு அஞ்சுவின் பக்கம் திரும்பினார். "மக்கா, சாளையும் கீரையும் கூட்டாளியாக்கும். சண்டைக்கு நிக்கது குளிகைதான். குளிகை எடுத்தியா?"

யாரிடமும் அவர் 'சுகமா' என்று கேட்டதில்லை. மாத்திரை பற்றிய அந்த ஒரு கேள்விதான். மருந்தோடு சாப்பாடும் ஒழுங்கானபின் அஞ்சுவின் காலை விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. முழுதாகப் போகவில்லை. போகும் என்று அக்காவும் சொன்னதில்லை.

அடக்கத்துக்கு அஞ்சுவும் வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஜெபமாலை சுற்றியிருந்த அந்தக் கோணல் விரல்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.  அக்காவின் கணவர் என் தோளைப் பிடித்து, "நேத்தும் சாளைதான் வச்சா, தம்பி. நல்லாத்தான் இருந்தா" என்றார். 

திரும்பும் பஸ்ஸில் என்னை அறியாமல், "மக்கா, குளிகை எடுத்தியா?" என்றேன்.

"எடுத்தேன்ப்பா. நீங்க இப்ப ரோஸ்லின் மாமி மாதிரியே கேக்குதீய" என்று அவள் லேசாகச் சிரித்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கேள்விதான், இனி தினமும் கேட்பேன். இன்னொரு கேள்வி அவர் கணவரிடம் வாய்வரை வந்தது. அஞ்சு பக்கத்தில் நின்றதால் விழுங்கிவிட்டேன்: அக்காவைக் கொண்டுபோனது இந்த நோய்தானா?