மண்டபத் தெருவுக்காகப் போட்ட கையெழுத்து

கோவர்த்தனனுக்குப் பயம் புதிதல்ல. சித்தூரில் சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். இத்தனை வருடத்தில் யாரோடும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. வழியில் போலீஸ் ஜீப் நின்றால் அடுத்த சந்தாகச் சுற்றிக்கொண்டு போவார். எழுதிய பத்திரத்தை நாலு தடவை படித்துப் பார்த்த பிறகே நீட்டுவார்.

அவர் வீடு மண்டபத் தெருவில். நடுவில் படிக்கட்டுக் குளம், நாலு கரையிலுமாக நாற்பத்தொரு வீடுகள். நூறு வருடத்துக்கு முந்தைய சுண்ணாம்புச் சுவர்கள். தமிழ்க்காரர் ஒரு வீடு, தெலுங்குக்காரர் அடுத்த வீடு என்று கலந்து கிடக்கும் தெரு. போன மாசி மாதம் ஒரு கட்டடக் கம்பெனியின் ஆட்கள் அளவு நாடாவோடு வந்தார்கள். குளமும் கிழக்குக் கரையின் பதினெட்டு வீட்டு மனைகளும் பழைய ஜமீன் வாரிசுகளிடமிருந்து தாங்கள் கிரயம் வாங்கியவை என்றார்கள். பதினெட்டுச் சுவர்களிலும் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். கோவர்த்தனன் வீட்டுக்குப் பதினொன்று.

தெருக்காரர்கள் சங்கம் சேர்த்தார்கள். முன்னால் நின்றவள் ரேகா. பக்கத்துப் பள்ளியில் தெலுங்கு டீச்சர். வீடு வீடாகப் போய்த் தகரப் பெட்டிகளிலிருந்து பழைய பத்திரங்களைச் சேகரித்தாள். எல்லாம் சித்தூர் மெட்ராஸ் மாகாணத்தோடு இருந்த காலத்துத் தமிழ்க் கையெழுத்து. தெருவில் தமிழ் பேசுகிறவர்கள்கூடத் தெலுங்கு மீடியத்தில் படித்தவர்கள். அந்த எழுத்தைப் படிக்கக் கோவர்த்தனனை விட்டால் ஆளில்லை.

மூன்றாம் நாள் ஒரு பத்திரத்தில் அவர் விரல் நின்றது. குளமும் நாலு கரையும் நாற்பத்தொரு மனைக்காரர்களுக்கும் பொதுப் பாத்தியம், எவரும் தனித்து விற்கக் கூடாது என்று எழுதி, ஜமீன்தாரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இத தெலுங்குல எழுதி, நான்தான் எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா. கோர்ட்டுக்கு அது போதும்" என்றாள் ரேகா.

"எம் பேரு வரணுமா?"

"வரணும்ணா."

மறுநாள் மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தான். முன்பின் பார்த்திராத முகம். காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"பாப்பா திருப்பதில படிக்குதாமே. டெய்லி ட்ரெயின்ல போய்க்கினு வருது. பாகாலாவுல வண்டி நின்னா எறங்கி தண்ணி பாட்டில் ரொப்பிக்கினு ஏறுது" என்றான் நிதானமாக. "மஞ்ச கலர் பேக்கு. நல்ல பொண்ணு. ஜாக்கிரதையா பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். கோவர்த்தனன் பேனாவை மூடாமலே மேசையில் போட்டார்.

மகள் பிரீத்திக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஏழாவது தடவை எடுத்தாள்.

"கிளாஸ்ல இருக்கேன் நைனா. இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே பத்திரக் கட்டை ரேகாவிடம் திருப்பிக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

"வெச்சிட்டுப் போங்கண்ணா. பொண்ண வெச்சிகினு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

நகரியில் பழைய எழுத்துப் படிக்கிற ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரேகா அலைந்தாள். ஆள் அகப்படாமல் இரண்டு வாரம் போனது. கோவர்த்தனன் தினமும் மகளோடு ரயிலில் திருப்பதிவரை போய், கல்லூரி வாசலில் விட்டுத் திரும்பினார். பெட்டியில் ஏறும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். வெள்ளைச் சட்டை எல்லாம் அவனாகவே தெரிந்தது. எழுதி நிறுத்திய இரண்டு பக்கத்தையும் கிழிக்கவும் துணிவில்லாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார்.

கோர்ட்டு மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஜேசிபி வந்தது. காலை எட்டு மணி. ஒன்றாம் நம்பர் வீடு டயர் கடை முனிரத்தினத்துடையது. அவர் வெளியூர் போயிருந்தார். தகவல் கிடைத்துப் போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது. ரேகாவும் நாலைந்து பெண்களும் வண்டிக்கு முன்னால் ஓடுவதற்குள் இரும்புக் கை முன்னறைச் சுவரில் இறங்கிவிட்டது.

கோவர்த்தனன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சுவர் சரிந்தது. புழுதிக்குள்ளிருந்து முனிரத்தினத்தின் மனைவி பச்சையம்மாளின் குரல் கேட்டது.

"நான் உள்ளதான் இருக்கேன், உள்ளதான் இருக்கேன்."

கோவர்த்தனனின் மனைவி பத்மாவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவரைப் பார்த்தாள். "அந்தப் பேப்பர் எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் அரிசிப் பானையைக் காட்டினார். அவளே பானையை நகர்த்தி எடுத்துக் கையில் கொடுத்தாள். தெருவில் இறங்கி எப்படி நடந்தார் என்று பிற்பாடு கேட்டால் அவருக்கே ஞாபகமில்லை. சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, நமஸ்காரம்கூடச் சொல்லாமல், தெலுங்கில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். எல்லைகளைப் படித்தார், பொதுப் பாத்தியம் என்ற வரியை இரண்டு முறை படித்தார். அதற்குள் பெண்கள் பச்சையம்மாளை வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. நெற்றியோரம் ரத்தம்.

சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இதி எவரு ராசாரு?" யார் எழுதியது என்கிறார்.

"நேனே சார்."

"சந்தகம் லேதே."

ஆமாம், கையெழுத்து இல்லை. ஜீப்பின் சூடான பானெட்டில் காகிதத்தை வைத்துக் கோவர்த்தனன் தன் முழுப் பெயரை எழுதினார். தகப்பன் பெயர், கதவிலக்கம், போன் நம்பர். கூட்டத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜேசிபியைத் தெருமுனைக்கு எடுக்கச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர்.

மறுநாள் கோர்ட்டில் தடை கிடைத்தது. ஏழு மாதம் கழித்துக் கம்பெனியின் கிரயம் செல்லாது என்று தீர்ப்பானது. கம்பெனி அப்பீலுக்குப் போயிருக்கிறது. முனிரத்தினத்தின் முன்னறை திரும்பக் கட்டப்படவில்லை, தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போது கோவர்த்தனன் தலையைக் குனிந்துகொள்வார். முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும் என்ற நினைப்பு அவரை விடவில்லை. ஒருநாள் பச்சையம்மாளிடமே அதைச் சொல்லிவிட்டார்.

"நானும்தான் பயந்துகினு இருந்தேன்" என்றாள் அவள். "வெளிய வந்தா ஊட்ட இடிச்சிடுவாங்கன்னு பயம். அதான் உள்ளயே குந்திகினேன்."

பிரீத்தி இப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். தினம் மூன்று தடவை போன் வரும். அது நைனாதான் என்று கூடப் படிக்கிற பெண்களுக்கும் தெரியும்.

போன வாரம் புத்தூரிலிருந்து நாலு பேர் ஒரு துணி மூட்டையோடு வந்தார்கள். அவர்கள் தெருவிலும் யாரோ அளந்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். கோவர்த்தனன் மூட்டையை உடனே அவிழ்க்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். அவர்களுக்கு அது விளங்கவில்லை; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பத்திரத்தைப் பிரித்தார்.