யெஸ் என்று சொல்லிக் கொடுத்தவள்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற திமிர் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். எழுபதுகளின் கடைசியில் மெல்பேர்னுக்கு வந்தபோது என் சான்றிதழை இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோபல் பார்க்கில் வாடகை வீடு. டண்டினோங் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. காலையில் எழும்பும்போதே கோபத்தோடுதான் எழும்புவேன்.

பிஸ்கட் நகர்ந்து வரும் பெல்ட்டில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் சைகோனில் பிறந்த சீனத்தி. வீட்டில் கன்டனீஸ் பேசுவாள். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவள். நான் படிப்பித்தவள் என்று எப்படியோ அறிந்து, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து கன்டீனில் அரை மணி நேரம் வகுப்பு. சீனி மூட்டையில் எழுதியிருப்பதை வாசிக்க வைத்தேன். இயந்திரத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை வாசிக்க வைத்தேன். உடைசல், தூள், ஈரம், கருகல் என்று சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதை ஒருமுறை எழுதினால் மறக்கமாட்டாள். என் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் அப்படி ஒன்றுகூட இருந்ததில்லை.

அவளுக்கு வேண்டியது நிரந்தர வேலை. கிறிஸ்மஸ் முடிந்ததும் தற்காலிக ஆட்களை நிறுத்திவிடுவார்கள். அவளுடைய புருஷனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆள் சேர்க்கும் அதிகாரி செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டிருந்தான். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டுவார்கள்.

நான் அதிகாரியாக இருந்து கேள்வி கேட்டுப் பழக்கினேன்.

"உனக்கு முதுகுவலி ஒன்றும் இல்லையே?"

அவள் தலையைக் குனிந்து ஏதோ முனகினாள்.

"முனகாதே. என் முகத்தைப் பார்த்து யெஸ் என்று சொல்லு."

"யெஸ்?"

"முதுகுவலி இல்லைத்தானே? அப்படியென்றால் யெஸ்தான். சத்தமாக!"

"யெஸ்!" என்றாள். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் அறையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், நெஞ்சில் ஒரு நாளும் நோய் வந்ததில்லையே என்று கேட்டான். யெஸ், சத்தமாக! மாலை ஷிப்டுக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டான். யெஸ், சத்தமாக!"

"கெட்டிக்காரி" என்றேன். அது என் காதில் உறைக்கவே இல்லை.

புதன்கிழமை காலை, எல்லோரையும் லவ் என்றே கூப்பிடும், எங்கள் லைனுக்குப் பொறுப்பான கிரேக்கப் பெண் பின்னாலிருந்து கத்தினாள். "லவ், அந்தத் தட்டு இன்னும் முடியவில்லையா?"

"யெஸ்" என்றேன்.

அவள் தட்டை இழுத்தாள். பாதிகூட அடுக்கியிருக்கவில்லை. பிஸ்கட் முழுக்க நிலத்தில் கொட்டியது.

"யெஸ் என்றாயே!"

"முடியவில்லை, அதுதான் யெஸ் என்றேன்!"

"முடியவில்லை என்றால் நோ! நீயா டீச்சர்? கடவுள் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும்!"

கொட்டியதைக் கூட்டத் தும்புத்தடியோடு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால் நாங்கள் "ஓம், சாப்பிடேல்லை" என்போம். கேட்டவன் சொன்னது சரி என்பதற்குத்தான் ஓம். சீனருக்கும் அப்படித்தானாம், பிறகு அவளே சொன்னாள். ஆங்கிலத்தில் அது நேர்மாறு. இந்தப் பிழைக்கு எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் கோடு கிழித்திருப்பேன்! கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. நெஞ்சில் நோய் இருக்கிறது என்று அவளை நானே சத்தமாகச் சொல்ல வைத்திருக்கிறேன்.

அதிகாரியைத் தேடிப் போனேன், அவன் வேறு இடத்துக்குப் போயிருந்தான். அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்கும் வாசலுக்கும் நடந்தேன். சோறு குழைந்துபோனது.

"என்னப்பா, பூனை மாதிரி நடக்கிறீர்?" என்றார் புருஷன்.

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எட்டு வருசம் படிப்பிச்சனீர்! பாவம் அந்தச் சீனத்தி."

"சிரிச்சது போதும், வாயை மூடுங்கோ" என்றேன்.

வியாழக்கிழமை காலை அவளைப் பெல்ட்டில் வைத்தே பிடித்துச் சொன்னேன். "பிழை உன்னுடையது இல்லை. நான்தான் பிழையாகச் சொல்லித் தந்தேன்." அவள் முகம் வெளிறியது. சாப்பாட்டு நேரம் அவசரமாக வீட்டுக்கு ஓடிப்போய், இந்த நாட்டுக்குள் வரும்போது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயின் கடிதத்தைக் கொண்டுவந்தாள். இருவரும் அதிகாரியின் கதவைத் தட்டி, அவன் முன்னால் போய் உட்கார்ந்தோம்.

"முறைப்பாடு சொல்ல வரவில்லையே?" என்று கேட்டான்.

வாய் வரை யெஸ் வந்துவிட்டது. விழுங்கினேன். "நோ."

கடிதத்தை மேசையில் வைத்தேன். அவளுக்கு நோய் இல்லை, நான் பழக்கிய பதில் பிழை, வேண்டுமென்றால் என்னைத் திட்டு, அவள் வேலையில் கை வைக்காதே என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன். அவன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். படிவத்தில் எதையோ வெட்டி எழுதினான்.

"சரி, நெஞ்சு சுகம். மாலை ஷிப்ட் மட்டும் சரிவராது, அப்படித்தானே? பகலில் ஒரு இடம் இருக்கிறது."

அதுவும் அதே பிழைதான், ஆட்சேபணை இல்லை என்றுதான் அவள் யெஸ் சொல்லியிருந்தாள். திருத்த வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அவள் என் தொடையைக் கிள்ளினாள். பகல் வேலை யாருக்குத்தான் கசக்கும்? வாயை மூடிக்கொண்டேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அப்படியென்றால் மாலைக்கு எனக்கு ஆள் குறைகிறது. உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

எனக்கு ஆட்சேபணை இருந்தது. நிறைய இருந்தது. ஆனால் அன்று என் தலைக்குள் ஒரே ஒரு விதிதான் ஓடிக்கொண்டிருந்தது: இல்லையே என்று கேட்டால் நோ. "நோ" என்றேன், தெளிவாக, அவன் முகத்தைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் பகலில், நிரந்தரம். என் பெயர் மாலையில்.

"உமக்கு விசரே? ஏன் ஓமெண்டு சொன்னனீர்?" என்றார் புருஷன்.

"நான் நோ எண்டுதான் சொன்னனான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்துகிற பொறுமை எனக்கும் இருக்கவில்லை.