முள் அசையாத மீட்டர்

சங்கரபாண்டி தென்காசியில் இருபத்தைந்து வருஷ மெக்கானிக். கை சுத்தம், கணக்கு சுத்தம், மனசில்தான் கொஞ்சம் அழுக்கு. அந்த அழுக்குக்குப் பேர் உவைஸ்.

ஒரே ஷெட்டில் ஒன்பது வருஷம் ஒரே இலையில் பரோட்டா பிய்த்துத் தின்றவர்கள்தான் இரண்டு பேரும். பிறகு உவைஸ் பிரிந்துபோய்ச் செங்கோட்டை ரோட்டில் தனி ஷெட் போட்டான். லேப்டாப்பைச் சொருகி வண்டிக்கு என்ன வியாதி என்று சொன்னான். ஊரே அங்கே ஓடியது. அந்த ஷெட் போர்டைப் பார்த்தால் சங்கரபாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பொறாமைதான், வேறென்ன சொல்ல?

அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் உமாசங்கர் சாரின் கிட் கார். குற்றாலத்தில் குடியிருக்கும் அந்த மனிதர், பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து வீட்டிலேயே கூட்டிய கார் அது. கூட இருந்து கூட்டியவன் சங்கரபாண்டி. ஐந்தருவி ரோட்டில் அது போனால், குளிக்க வந்த கூட்டம் தலை துவட்டுவதை விட்டுவிட்டுப் பார்க்கும்.

அந்தக் கார், ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை என்று நேரே உவைஸ் ஷெட்டுக்குப் போய்விட்டது!

“எலெக்ட்ரிக்கல் வேலைல்லா, அதான் அங்கன விட்டேன்,” என்றார் சார், போனில்.

சங்கரபாண்டி இரண்டு நாள் வெந்து செத்தான். மூன்றாம் நாளும் கார் வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டதும் ஒரு டீக்கு இரண்டு டீ குடித்தான். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிளம்பிப் போனான்.

கார் ஜாக்கியில் நின்றது. “ஃபியூஸ், வயரு, மீட்டரு எல்லாம் நல்லாருக்கு. சென்சாருதான் போயிட்டுன்னு சார்ட்ட சொல்லிருக்கேன் அண்ணாச்சி,” என்றான் உவைஸ். போன் வர, வெளியே போனான்.

சங்கரபாண்டி விடுவானா? சாவியைத் திருப்பிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தான். சக்கரத்தோடு சுற்றுகிற ஷாஃப்டில் நாலு போல்ட். ஒவ்வொரு தலையும் தாண்டும்போது சென்சார் எண்ண வேண்டும், அதை வைத்துத்தான் முள் ஏறும். ஸ்க்ரூடிரைவரை சென்சார் முன்னால் ஆட்டினான். அதன் முதுகிலிருந்த சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. அடி சக்கை! சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. லேப்டாப்காரன் கோட்டை விட்டுவிட்டான்! இப்போதே சாருக்குச் சொன்னால் உவைஸ் பேர் நாறிப்போகும்.

சந்தோஷத்தில் ஷாஃப்டைக் கையால் சுற்றினான். விளக்கு எரியவில்லை. போல்ட்டுகள் பளபளத்தன.

சாரல் பட்டு எல்லாம் துருப்பிடிக்கிறதே என்று, போன வாரம் இரும்பு போல்ட்டைக் கழற்றி எவர்சில்வர் போல்ட் போட்டவன் அவனேதான். இது காந்தச் சென்சார், இரும்புதான் தெரியும். எவர்சில்வர் கண்ணில் படாது.

“பாத்துட்டீங்களா?” உவைஸ் குனிந்து நின்றான். உள்ளங்கையில் நாலு இரும்பு போல்ட். “மொத நாளே தெரிஞ்சிட்டு அண்ணாச்சி, இந்தப் போல்ட்டு இன்னைக்குத்தான் கெடச்சுது. நீங்க மாட்டுனதுன்னு சார்ட்ட எப்படிச் சொல்ல? அடுத்து இன்னொரு காரும் கூட்டப் போறாராம், அந்த வேல உங்களுக்குத்தானே. சென்சாரத் தொடச்சேன், ஓடிட்டுன்னு சொல்லிக்கிடுதேன்.”

திறமைக்காரன் என்பதையாவது சங்கரபாண்டி எப்படியோ தாங்கி வந்தான். நல்லவனாகவும் இருக்கிறானே பாவி! இனி சாகிறவரை இவனைப் பார்த்தால் தலை குனிய வேண்டுமா? இதற்குச் சார் முன்னால் அசிங்கப்பட்டே போகலாம்.

உவைஸ் தடுப்பதற்குள் போனைப் போட்டுவிட்டான். “சார், சென்சாரு நல்லாத்தான் இருக்கு. எவர்சில்வர் போல்ட்டு மாத்துனது நான். தப்பு எம்மேல. உவைசு என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னான்.”

உமாசங்கர் சொன்னார்: “சரிப்பா. அடுத்த வண்டிய உவைசே பாக்கட்டும்.”

“என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க!” உவைஸ் முகம் செத்துப்போயிருந்தது. அவன் செய்ய நினைத்த நல்லது அவன் கையிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்க்கச் சங்கரபாண்டிக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா? அடுத்த கார் வேலை போன துக்கம்கூடப் பிறகுதான் வந்தது.

“போல்ட்டக் கொண்டாலே இங்கன,” என்று கையை நீட்டினான். “நானே மாட்டுதேன்.”