உயிரோடு இருந்தவருக்கு ஏற்றிய விளக்கு

மலையாளமும் தமிழும் கலந்து பேசும் சாலை பஜாரில் அரிசிக் கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு கேசட் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். வெற்றுக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதித் தருவார்கள். எந்த நாள் வர வேண்டும் என்று மட்டும் நான் சொல்வேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆள் முகம் பார்த்துக் கேள்வி கேட்கவே கூச்சம்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினம் கிழிக்கும் காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்து, அந்தந்தத் தேதியில் பாட்டு உலகத்தில் நடந்ததைப் பின்பக்கம் எழுதுவேன். ஒரு இசையமைப்பாளர் பிறந்த நாள், ஒருவர் முதல் இசைத்தட்டுக்குப் பாடிய நாள், ஒருவர் மறைந்த நாள். ரேடியோவில் கேட்டதும் வாடிக்கையாளர்கள் சொன்னதும்தான் ஆதாரம். காலையில் அன்றைய தாளைப் பார்த்து வாசல் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவர்கள் பாட்டுகளையே தெருவுக்குக் கேட்கும்படி போடுவேன். மறைந்த நாள் என்றால் படத்துக்கு மாலையும் விளக்கும் உண்டு. ஒரே தேதியில் ஒருவர் பிறப்பும் இன்னொருவர் இறப்பும் வந்தால் மத்தியானம் வரை சோகப் பாட்டு, பிறகு குத்துப் பாட்டு. மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று வாசித்துவிட்டுத்தான் போவார்கள். "இவன் வாய் திறந்து மிண்டமாட்டான், பலகைதான் மிண்டும்" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. அன்றைய தாளில் ஒரே வரிதான். எழுபதுகளில் சில படங்களில் பாடி, பிறகு கோயில் உற்சவங்களில் கானமேளா என்னும் மேடைக் கச்சேரிகளில் பாடிவந்த ஒரு பாடகியின் நினைவு நாள். நாலாவது முறையாக அவருக்கு விளக்கேற்றியிருந்தேன். பத்து மணி இருக்கும். துணிப்பையோடு ஓர் அம்மா வாசலில் நின்று பலகையை வாசித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். நானும் படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். ஒரே முகம். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்த வருஷம் செத்தேன் தம்பி?" என்று கேட்டார்.

"வருஷம் எழுதலம்மா."

"தேதி மட்டும் தெரியும், என்ன?"

உள்ளேயிருந்து வந்த முதலாளி இரண்டடி பின்னால் போனார். "இவங்க மரிச்சுப் போயாச்சுன்னு ஆருடே உன்கிட்ட சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வந்து இந்தப் பாடகியின் பாட்டுகளை மட்டும் ஒரே கேசட்டில் கேட்டார். முதல் வருட நினைவு நாளுக்குப் போடவேண்டும் என்று தேதியும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. யாருடைய நினைவு நாள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. பாடகியுடையது என்று நானே முடிவு செய்து எழுதிவிட்டேன்.

அதைச் சொன்னதும், அந்த ஆளை அறிந்த முதலாளி தலையில் கை வைத்தார். "அது அவரு பெண்டாட்டிக்குடே. அவளுக்கு இவங்க பாட்டுன்னா ஜீவன். ஒரு வாக்கு கேட்டிருக்கப்படாதா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. அவர் மெதுவாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. வருடா வருடம் பக்கத்துக் கோயில் உற்சவத்தில் பாடக் கேட்டு, ஒரு மாதம் முன்பே அவருக்குக் கடிதம் போகும். மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள் போல என நினைத்து நாகர்கோவிலில் வீட்டோடு இருந்திருக்கிறார். இந்த வருடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று தம்பானூரில் பஸ் இறங்கி நடந்து வந்தவர், வழியில் தன் குரலைக் கேட்டு நின்றிருக்கிறார்.

உற்சவக் கமிட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சாலைக் கடைக்காரர்கள். தினமும் என் பலகையை வாசிக்கிறவர்கள்.

"கமிட்டிக்கு வா தம்பி, அங்க நீயே சொல்லு," என்றார் அம்மா.

கமிட்டி அறையில் கானமேளாக்காரர்களின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கண்டதும் தபேலா நின்றது. பதினைந்து பேர் என்னைப் பார்த்தார்கள்.

"நான் தப்பா எழுதிட்டேன். இவங்க உயிரோட இருக்காங்க," என்றேன்.

"அது கண்டா தெரியாதா? நீ சொல்லணுமாக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செயலாளர் முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பலகை பாத்துதானே நாங்க லெட்டர் எழுதாம விட்டது," என்றார். அச்சுக்குப் போகவிருந்த நோட்டீஸ் மேசைமேல் கிடந்தது. அம்மாவின் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று எழுதி, அவர் பாட்டுகளை ஓர் இளம்பெண் பாடுவதாகப் போட்டிருந்தது. மூன்று வருடமாக அப்படித்தானாம்.

"அந்தப் பிள்ள பாடட்டும். எனக்கு ஒரு பாட்டு குடுங்க, போதும்," என்றார் அம்மா.

"இப்ப ஒண்ணு பாடுங்க சேச்சி," என்றார் கீபோர்டுக்காரர்.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார். முதல் நாலு வரி நான் கேசட்டில் கேட்டுப் பழகிய அதே குரல். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் உடைந்தது. மறுபடி பாடினார். அதே இடத்தில் மறுபடி உடைந்தது.

"கூப்பிட ஆளில்லைன்னு வீட்டுலயும் பாடாம விட்டுட்டேன்," என்றார், யாரையும் பார்க்காமல்.

பலகையைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். மூன்று வருடத்தில் என் சாக்பீஸ் அவர் தொண்டைக்குள் போயிருக்கிறது என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

"அடுத்த வருஷம் நோக்கலாமே சேச்சி," என்றார் செயலாளர்.

"ஒரு கட்டை கொறச்சு வாசிங்க," என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நான்தான் என்பது எல்லோரும் திரும்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கீபோர்டுக்காரர் சுருதியை இறக்கினார். இந்த முறை அந்த இடத்தில் குரல் நடுங்கியது, உடையவில்லை. செயலாளர் பேனாவை எடுத்து 'மறைந்த' என்பதை அடித்தார்.

ஒரு மாதம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் மேடை ஏறினார். பெயரைச் சொன்னதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். கூட்டம் கைதட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் குரல் நூலாக மெலிந்தபோது இளம்பெண் பின்னாலிருந்து சேர்ந்து பாடினாள்.

இறங்கி வந்து என்னிடம், "அடுத்த உற்சவத்துக்குள்ள சரியாக்கிருவேன். கூப்பிடுவாங்களான்னு நீ போய்க் கேளு. நீதான் கேக்கணும்," என்றார்.

அடுத்த வருடம் நோட்டீஸ் எழுதத் தொடங்கும் முன்பே கமிட்டி வாசலில் போய் நின்றேன்.